அக்காச்சான் உம் கொட்டினால்

ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போன முதல் நாளே எனக்கு ஒருவர் மேல் எரிச்சல் வந்தது. அவர் யாரென்றே அப்போது தெரியாது. பின் பெஞ்சிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "உம்… உம்… உம்…"

விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் வகுப்பு. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை. பதினெட்டுப் பேர் சேர்ந்திருந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது. செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டுப் பீங்கான் பேட்டையில் ஒரு கம்பெனியில் சூளையின் சூட்டைப் பார்த்துக் குறித்து வைக்கும் வேலையில் இருந்தேன். ஜப்பானுக்குப் போயே தீருவது என்று முடிவு செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வேலை எதுவானாலும் சரி, ஊர் ஜப்பானாக இருந்தால் போதும். யூடியூப் பார்த்து ஒன்று முதல் நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு வந்திருந்ததால், அந்த அறையில் நான் மட்டும் பாதி ஜப்பான்காரன் என்று எனக்கு நினைப்பு.

சொல்லிக்கொடுக்க வந்தவர் புதுச்சேரிப் பக்கத்துப் பெண். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். "என்னைய மேடம்னு கூப்பிடாதீங்க. அங்க டீச்சர 'சென்செய்'னுதான் கூப்பிடுவாங்க" என்றார். நாங்கள் ஒரே குரலில், "சரிங்க சென்செய் மேடம்" என்றோம்.

அவர் பலகையில் ஜப்பானிய உயிரெழுத்துகளை எழுதிவிட்டு, "படிங்க பாக்கலாம்" என்று வாசித்துக் காட்டினார். ஆ, இ, உ, எ, ஒ. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது நம் அ, இ, உ, எ, ஒ அல்லவா! அடுத்த வரி கா, கி, கு, கெ, கொ. என் பக்கத்தில் இருந்தவன், "டேய், ரெண்டாம் கிளாஸுக்குத் திரும்பி வந்துட்ட மாதிரி இருக்குதுடா" என்றான். அறையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் பின்னாலிருந்து, "உம்… அட… உம்…"

சென்செய் சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "யாருங்க அது?"

எழுந்து நின்றது கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்த ஒரு பெண்மணி. முழங்கை வரை வெள்ளைக் களிமண் காய்ந்து கிடந்தது. அந்த அறையில் எங்களையெல்லாம் விட வயதில் மூத்தவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க. யாராவது பேசினா எனக்கு வாயில தானா வந்துடுது. ஸ்கூலுலயே அடி வாங்கியிருக்கறேன். நிறுத்திப்புடறேன்" என்றார்.

"ஐயோ, நிறுத்தாதீங்க!" என்று கிட்டத்தட்டக் கத்தினார் சென்செய். "இது வராமதாங்க அங்க போறவங்க எல்லாம் அவதிப்படறாங்க. அவுங்க பாஷையில இதுக்குப் பேரே இருக்குது. அய்ஸுச்சின்னு பேரு. இரும்படிக்கிற எடத்துல ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு மாத்தி மாத்தி சம்மட்டி போடுவாங்க இல்ல? அந்த எதிர் அடிக்குத்தான் அய்ஸுச்சின்னு பேரு. ஒருத்தர் பேசினா அடுத்தவங்க அப்பப்ப ஒரு அடி போட்டுகிட்டே இருக்கணும். போடலைன்னா பேசறவங்களுக்குக் கை ஓடாது."

அந்தப் பெண்மணி நின்றபடியே இருந்தார். சென்செய் சொல்லி முடித்த பிறகும் உட்காரவில்லை.

"இதுக்குப் பேரு இருக்குதுங்களா?" என்றார்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகு அவர் ஒரு நாள் கூட வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் வகுப்பில் யாருக்கும் அது அவர்தான் என்று தோன்றாது, ஏனென்றால் நாங்கள் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதே இல்லை. மூன்றாவது நாள், எல்லார் பெயருக்குப் பின்னாலும் மரியாதைக்கு 'சான்' சேர்க்க வேண்டும் என்று சென்செய் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்கோ அவரை அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அக்காவோடு சானைச் சேர்த்தால் தமிழ் நாக்கு சும்மா இருக்குமா? நடுவில் ஒரு 'ச்' போட்டுக்கொண்டது. "அக்காச்சான், செத்த நவுந்து உக்காருங்க" என்றேன்.

சென்செய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜப்பானிய மொழியில் 'அகாச்சான்' என்றால் கைக்குழந்தையாம்.

நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அவருக்கு ஒரே குஷி. "பரவால்லீங்க, அப்பிடியே கூப்பிடுங்க. முப்பத்தெட்டு வயசுல வேற யாரு என்னைய கொழந்தைன்னு கூப்பிடப் போறாங்க" என்றார். அன்றிலிருந்து அவர் அக்காச்சான்தான்.

அவர் கம்பெனி எங்கள் கம்பெனிக்கு அடுத்த கேட். மின்சாரப் பெட்டியில் மாட்டும் ஃப்யூஸ் கேரியர் செய்யும் இடம். அச்சிலிருந்து வரும் ஈரப் பீங்கானின் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துடைப்பார்கள். எட்டுப் பேரும் அக்காச்சானிடம்தான் பேசுவார்கள். புது ஆள் வந்தால் ஒரு வாரத்தில் தன் வீட்டுக் கதை முழுவதையும் அவரிடம் கொட்டியிருப்பாள். டீ நேரத்தில் பேட்டை வாசல் கடையில் அவரைப் பார்க்கலாம். யாராவது ஒருவர் அவர் எதிரில் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருப்பார். அக்காச்சான் டம்ளரை ஊதியபடி உம் கொட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய உம் ஒரே உம் இல்லை. துக்கத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் லேசாக இழுத்து ஒன்று. நடுவில் "அப்டியா?", "அப்பறம்?", "அய்யய்ய" என்று பொருத்தமான இடத்தில் விழும். பேசுகிறவருக்குத் தான் ஏதோ பெரிய பேச்சாளர் என்று தோன்றிவிடும். நானே ஒருமுறை என் சூளையைப் பற்றி அவரிடம் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். கம்பெனிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

இதனால் வம்பும் வந்திருக்கிறது. அந்த வரிசையில் ஃபேன் காற்று படும் இடம் ஒன்றுதான். அதற்காக வளர்மதிக்கும் செல்விக்கும் சண்டை. வளர்மதி தன் நியாயத்தை அக்காச்சானிடம் சொன்னார். உம். செல்வி தன் நியாயத்தைச் சொன்னார். உம். அடுத்த நாள் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று, "அக்காவே எம் பக்கந்தான்" என்று சொல்லிக்கொள்ள, விஷயம் உடைந்துவிட்டது. இருவரும் சேர்ந்து அக்காச்சானைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நான் உம்முன்னுதானே சொன்னேன்? ஆமான்னு சொல்லலையே!" என்று அவர் தவித்ததை டீக்கடையில் இருந்த எல்லாரும் கேட்டோம்.

"உம்முன்னா ஆமாந்தானே?" என்றார் வளர்மதி.

"இல்லடி. கேக்கறேன்னு அர்த்தம்."

இரண்டு பேரும் பத்து நாள் அவரிடம் பேசவில்லை. பதினோராம் நாள் தாங்க முடியாமல் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

வகுப்பில் நாங்கள் ஒவ்வொரு நாளும் ஏதாவது கண்டுபிடித்துத் துள்ளிக்கொண்டிருந்தோம். ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே நடக்கிறது என்று தெரிந்த நாளில் யாராலும் உட்கார முடியவில்லை. 'நான் நேத்து விருத்தாசலத்துல டீ குடிச்சேன்' என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும், ஒன்றையும் இடம் மாற்ற வேண்டாம். ஊர்ப் பெயர்தான் அவர்கள் வாயில் பிருத்தாச்சாராமு ஆகிவிடும். இங்கிலீஷில் பத்து வருஷம் தலைகீழாக நின்றவர்கள் நாங்கள். ஒரு வெளிநாட்டு மொழி நேராக நின்று பேசுவதைப் பார்த்ததும் ஆனந்தக் கூத்துதான்.

இதில் அக்காச்சான் கண்டுபிடித்தது ஒன்று இருக்கிறது. 'தாபெத்தெ மித்தெ குதசாய்' என்று சென்செய் எழுதி, "சாப்பிடுங்கன்னு அர்த்தம், ஆனா இந்த 'மித்தெ' எதுக்கு வருதுன்னு எனக்கே ரொம்ப நாளு வெளங்கல" என்றார்.

"மித்தென்னா என்னாங்க?"

"பாத்துன்னு அர்த்தம். பாக்கறது."

"சாப்பிட்டுப் பாருங்க!" என்று பின் பெஞ்சிலிருந்து கூவினார் அக்காச்சான். "நம்ம சொல்றதுதாங்க. சாப்பிட்டுப் பாருங்க, போட்டுப் பாருங்க, கேட்டுப் பாருங்க. அவுங்களும் நாக்குலதான் பாக்கறாங்க!"

சென்செய் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. நான் யூடியூபில் அந்தப் பாடத்தை ஏற்கெனவே மூன்று தடவை பார்த்திருந்தேன்.

தேர்வு மார்க்கில் நான்தான் முதல். அக்காச்சானுக்குக் கஞ்சி எழுத்து, அதாவது சீனத்திலிருந்து வந்த அந்தப் பட எழுத்து, வரவே வராது. "இது எழுத்தா, வூட்டு பிளானா" என்பார். ஆனால் பேச்சுப் பயிற்சி ஆரம்பித்ததும் என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. சென்செய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு போனில் பேசுவது போலப் பேசுவார். நாம் பதில் சொல்ல வேண்டும். நான் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு கவனித்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே சத்தம் போட்டால் ஸ்கேலால் அடித்து வளர்த்த பள்ளிக்கூடம் என்னுடையது. சென்செய் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தினார்.

"மோஷி மோஷி?" என்றார். ஹலோ, இருக்கிறீர்களா என்று அர்த்தம்.

"இருக்கேன் சென்செய்."

இன்னும் இரண்டு வாக்கியம். மறுபடி, "மோஷி மோஷி? மோஷி மோஷி?" ஐந்தாவது மோஷியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து அக்காச்சான். சென்செய் பேசப் பேச இவர் உம், அப்டியா என்று போட, சென்செய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். 'அப்டியா' என்று தமிழில் வருவதை 'ஸோ தெஸ் கா' என்று மாற்ற அவருக்கு ஒரு நாள்தான் ஆயிற்று. "ஸோன்னா அப்டி, கான்னா 'ஆ'. அப்டி-ஆ. அவ்ளோதாங்க" என்றார். 'அப்பறம்?' என்பதற்கு 'ஸொரெதெ?' கிடைத்தது. அது கிடைத்த நாளில் அவர் நடையே மாறியிருந்தது.

ஆனால் இரண்டு சிக்கல் இருந்தது. நம் உம்மும் அவர்கள் 'உன்'னும் ஒரே சத்தம், ஒரே அர்த்தம். ஆனால் அது கூட்டாளியிடம் சொல்வது. வேலை கொடுக்கிறவரிடம் சொன்னால் மரியாதைக் குறைவு. அங்கே 'ஹாய்' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது, தலை. நாம் கேட்கும்போது தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஆட்டுவோம். அதை அவர்கள் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மேலும் கீழுமாக மட்டும்தான் ஆட்ட வேண்டும்.

அக்காச்சான் இரண்டையும் கம்பெனியில் பழகினார். பிசிறு துடைத்துக்கொண்டே தலையை மேலும் கீழும் ஆட்டினார். "என்னாக்கா, கோழி கொத்தற மாதிரி கொத்தறீங்க" என்று செல்வி கேட்டாராம். அதைக் கூடப் பொறுத்துக்கொண்டார்கள். ஹாய்தான் ஆபத்தாகிவிட்டது.

நான் அன்று டீக்கடையில் இருந்தேன். வளர்மதி அழுதுகொண்டு வந்தார். ரயில்வே லைன் ஓரம் மேய்ந்த அவர் ஆடு, சினை ஆடு, ரயிலில் அடிபட்டுவிட்டது.

"காலையில கூட தழை போட்டேங்கா…"

"ஹாய்" என்றார் அக்காச்சான் உருக்கமாக.

வளர்மதி நிமிர்ந்து பார்த்தார். இருந்தாலும் துக்கம் தள்ளியது. "வயித்துல ரெண்டு குட்டிக்கா…"

"ஹாய்… ஹாய்…"

"யக்கா! நா ஆடு செத்து அழுவுறேன், நீ எனக்கு ஹாய் சொல்றியா? நீ இன்னும் ஜப்பானுக்கே போவல, அதுக்குள்ள இவ்ளோ திமிரா?"

டீக்கடையே அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு வளர்மதியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்காச்சான் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை சென்செயிடம் வந்து, "சாவு சேதி சொன்னா அங்க என்னாங்க சொல்லணும்?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லாம தலையக் குனிஞ்சுகிட்டாலே போதும்" என்றார் சென்செய். அக்காச்சான் அதைத் தமிழில் எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

அவர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். தங்கமான மனுஷன், ஆனால் வாய் ஓயாது. எட்டு மணிக்கு மொபெட்டில் வந்து ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்பார். அக்காச்சான் படி இறங்கி வரும்போதே ஆரம்பித்துவிடுவார். கரும்பு லாரி, எடை மேடை வரிசை, ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் எவனோ குறுக்கே வந்தது. அக்காச்சான் பின்னால் உட்காருவதற்குள் உம், வண்டி கிளம்பும்போது உம், திருப்பத்தில் மறையும் வரை உம். மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்தாள். வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். வீட்டுக்காரர் இந்த வகுப்பை ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தார். "போயி எதுனா கத்துகினு வரட்டும், நல்லதுதானே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

எட்டு மாதத்தில் பதினெட்டுப் பேர் நான்கு பேராகச் சுருங்கினோம். மொழித் தேர்வில் தேறியவர்கள் நாங்கள் நான்கு பேர்; அக்காச்சான் மயிரிழையில் தேறியிருந்தார். ஜப்பானில் ஒரு சிறு ஊரில் உள்ள முதியோர் இல்லத்துக்கு ஒரு ஆள் வேண்டும், வீடியோவில் நேர்காணல் என்று சென்செய் சொன்னபோது எனக்குத் தூக்கம் போயிற்று. இடம் ஒன்றே ஒன்று. அது எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு அக்காச்சான் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"அவுரு வேண்டாம்னுட்டாருப்பா. ராத்திரி சோத்துல கை வெச்சவரு, கை காயற வரைக்கும் பேசினாரு. இந்த வயசுல என்னாத்துக்கு அம்மாந்தூரம்னாரு. ஊரு சிரிக்கும்னாரு. கடைசியில, 'நா வூட்டுக்கு வந்தா யாருகிட்ட பேசறது?'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு."

"நீங்க என்னக்கா சொன்னீங்க?"

"என்னா சொல்லுவேன். உம்முன்னேன்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், போட்டிக்கு ஒரு ஆள் குறைந்தது என்றும் ஒரு மூலையில் தோன்றியது. அதனால் நேர்காணல் அன்று பிற்பகல் அவர் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட புடவையில் மாடிப்படி ஏறி வந்தபோது நான் திகைத்துப்போனேன்.

"அக்கா! அவருகிட்ட உம்முன்னு சொன்னதா சொன்னீங்க?"

"உம்முன்னுதாம்பா சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

லேப்டாப்பில் தெரிந்தவர் அந்த இல்லத்தின் தலைவி. அறுபதைத் தாண்டியவர், கண்ணாடி போட்டவர். முதலில் நான். என் அறிமுகத்தை ரயில் வேகத்தில் ஒப்பித்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் ஒரே கதையை ஒரு நாளில் பத்து தடவை சொல்வார்கள், அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. அவர் 'பத்து தடவை' வரை வந்ததுமே, நான் "கன்பரிமாஸ்!" என்று முழங்கினேன். முழு மூச்சாக முயல்வேன் என்று அர்த்தம். அவர் புன்னகை செய்துவிட்டு மிச்சக் கேள்வியைச் சொல்லி முடித்தார். என் நேர்காணல் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

கடைசியாக அக்காச்சான். நாங்கள் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றோம். அதே கேள்வி வந்தது. அக்காச்சான் முழுவதையும் கேட்டார். நடுநடுவே ஹாய், ஹாய். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு நிதானமாக, "ஜூஇக்காய்மெ மோ கிகிமாஸ்" என்றார். பதினோராவது தடவையும் கேட்பேன்.

அந்தப் பக்கமிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அப்புறம் அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார். கேள்வி இல்லை, பேச்சு. ஹாய், ஸோ தெஸ் கா, ஸொரெதெ என்று இங்கிருந்து எதிர் அடி விழுந்துகொண்டே இருந்தது. அங்கிருந்து பேச்சு வந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம். எனக்கு வெளியில் நின்றபடியே புரிந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது. ஆனால் அதையும் மீறிக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. எங்கள் பேட்டையின் டீக்கடை வாசலில் நடக்கும் அதே காரியம், இப்போது கடல் தாண்டி நடந்துகொண்டிருந்தது!

வெளியே வந்தவரிடம், "அந்தம்மா என்னக்கா அவ்ளோ நேரம் பேசினாங்க?" என்றேன்.

"முக்காவாசி புரியலப்பா. புரியலைன்னு அவுங்ககிட்டயே சொல்லிட்டேன், ஆனா கேக்கறேன், சொல்லுங்கன்னேன். நடுவுல அவுங்க நாயி செத்துப்போச்சுன்னு சொன்னாங்கன்னு நெனைக்கிறேன். அங்க மட்டும் நா ஹாய் சொல்லல."

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அக்காச்சான்தான். என்னைப் பற்றி அந்த அம்மாள் ஒரு வரிதான் எழுதியிருந்தார். நன்றாகப் பேசுகிறார், ஆனால் கேள்வி முடியும் வரை காத்திருப்பதில்லை. அந்த வரி இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. சுடுவது நியாயம்தான்.

இனி ஒன்றுதான் பாக்கி. குடும்பத்தின் சம்மதத்துக்கு ஒரு படிவம் இருந்தது. அதில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் இல்லை.

அடுத்த நாள் மாலை அவர் முதன்முறையாக மாடி ஏறி வந்தார். தோளில் துண்டு, முகத்தில் கோபம். நான் என் சான்றிதழ்களைத் திருப்பி வாங்கப் போயிருந்தேன், வெளியே போகவும் முடியாமல் ஒரு மூலையில் நின்றேன்.

"நா அன்னிக்கே சொல்லிட்டேங்க, வேண்டாம்னு" என்று சென்செயிடம் ஆரம்பித்தார். "அதுவும் உம்முன்னு கேட்டுகிச்சு. இப்ப என்னாடான்னா எடம் கெடச்சிடுச்சு, கையெழுத்துப் போடுன்னு வந்து நிக்குது. சரின்னு சொல்லிட்டு இப்பிடி செய்யலாமுங்களா?"

சென்செய் வாயைத் திறக்குமுன் அக்காச்சான், "நா சரின்னு சொல்லலைங்க" என்றார்.

"உம்முன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். நீங்க சொல்றத கேக்கறேன்னுதான் சொன்னேன். பத்தொம்போது வருஷமாவும் அதுக்குத்தான் சொன்னேன்."

அவர் அடுத்த வார்த்தைக்கு வாயெடுத்தார். அக்காச்சான் நிறுத்தவில்லை. ஒருவர் பேச வாயெடுக்கும்போது அவர் நிறுத்தாததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இத்தினி வருஷமா பிசிறு தொடைக்கிறேன். நல்லா தொடைக்கிறன்னு யாரும் சொன்னதில்ல, அதுல சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல. ஒருத்தரு பேசினா நான் கேக்கறேனே, அது ஒரு வேலைன்னு எனக்கே தெரியாது. இங்க எல்லாரும் கெட்ட பழக்கம்னாங்க. ஒரு ஊருல அதுக்குப் பேரு வெச்சிருக்கறாங்க. அது தெரிஞ்ச ஆளு வேணும்னு தேடறாங்க. அங்க போயி அந்த வேலைய செஞ்சு பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குதுங்க. கஷ்டத்துக்காகப் போவல. ஆசைப்பட்டுத்தான் போறேன். மூணு வருஷம். போயிட்டு வந்துடுவேன்."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார். கோபம் போய்விட்டிருந்தது. முகத்தில் இருந்தது வெறும் ஆச்சரியம்.

"இதெல்லாம் இத்தினி நாளு எங்க வெச்சிருந்த?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எப்பங்க கேட்டீங்க?"

அதில் கோபமே இல்லை. விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். அதனால்தானோ என்னவோ, அது அந்த மனுஷனுக்கு நேராகப் போய்த் தைத்தது. அவர் எங்கள் பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டு, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. இப்ப கேக்குறேன். சொல்லு."

அக்காச்சான் சொன்னார். விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்காரவே மாட்டேன் என்று சொன்னார். அந்த ஊரில் பனி கொட்டுமாம், அதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். வேலைக்குச் சைக்கிளில்தான் போக வேண்டும், தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதை அந்த அம்மாளிடம் மறைத்துவிட்டதாகச் சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் தொண்டை கட்டிப் பேச முடியாமல் ஒரு வாரம் கிடந்தாரே, அந்த வாரம் வீடு எவ்வளவு பயமாக இருந்தது என்று சொன்னார். அவருக்கோ நடுவில் ஒரு சத்தமும் போடத் தெரியவில்லை. கல்லுப் பிள்ளையாராக இருந்தார். பத்து வார்த்தைக்கு ஒருமுறை அக்காச்சான் நிறுத்தி, "கேக்கறீங்களா?" என்றார். "கேக்குறேன், கேக்குறேன். மேல சொல்லு" என்றார் அவர்.

எட்டு மணி ஆனது. சென்செய் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நானும் நகரவில்லை. அக்காச்சான் எல்லாவற்றையும் சொல்லி முடித்து மூச்சு விட்ட பிறகு, கையெழுத்தை எந்த இடத்தில் போட வேண்டும் என்று வீட்டுக்காரரே கேட்டார்.